கத்துற பிறேக்கும் நாங்கள் பேரம் பேசுற கூலியும்

புதுசாகப் பிறேக் மாத்தின கார் கத்தத் தொடங்கினால் எங்கட ஊரில் மூன்று தீர்ப்புகள் உடனே கிடைக்கும். "சாமான் டூப்ளிக்கேட்" என்பார் பக்கத்து வீட்டு அண்ணை. "மெக்கானிக் ஏமாத்திப் போட்டான்" என்பார் மாமா. "ஓட ஓடச் சரி வரும், விடு மச்சான்" என்பான் கூட்டாளி. மூன்று பேரில் ஒருவர்கூடச் சில்லைக் கழற்றிப் பார்த்திருக்கமாட்டார்.

மூன்றுமே சில நேரங்களில் சரியாக இருக்கக்கூடும். டூப்ளிக்கேட் சாமான் சந்தையில் இருக்கிறது. ஏமாத்துற ஆக்களும் இருக்கினம். ஓட ஓடச் சரி வருகிற சத்தமும் உண்டு. ஆனால் நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது, அதைத்தான் ஒருவரும் வாய் திறந்து சொல்லுறேல்லை. பிறேக் மாத்துகிற வேலையில் ஒரு அரை மணித்தியாலம் விடுபட்டுப் போகிறது. அந்த அரை மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்க எங்கட சனத்துக்கு மனம் வாறேல்லை. புதுப் பிறேக்கின் கத்தலில் பெரும்பங்கு அங்கதான் பிறக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கதை எண்டு கேட்கலாம். எங்களில் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்கள் குறைவுதான். வீட்டுக் காரை இடைக்கிடை ஓடுகிறவர்கள், ஸ்கூட்டியில் கம்பஸ் வருகிறவர்கள், ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கைகாட்டுகிறவர்கள்தான் கூட. ஆனால் பிறேக் ஒழுங்காகப் பிடிக்காத வாகனத்துக்கு முன்னால் றோட்டைக் கடக்கிறவர்களில் எல்லாப் பீடத்து ஆக்களும் இருக்கினம்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் நாடு பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது. இப்பவும் எங்கட வீட்டு முத்தங்களில் நிற்கிறதில் கனக்க அந்தப் பழைய கார்கள்தான். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பார்கள், காப்புறுதி கேட்பார்கள். தனியார் காரின் பிறேக்கைப் பார்த்துச் சான்றிதழ் கொண்டுவா எண்டு கேட்பதில்லை. ஆக, வீட்டுக் காரின் பிறேக்கைப் பரிசோதிக்கிற ஒரே அதிகாரி எங்கட காதுதான். அந்த அதிகாரிக்குக் கொஞ்சம் படிப்பு வேணும்.

சத்தம் எங்க இருந்து வருது?

அனேகமான கார்களில் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக். சில்லோடு சேர்ந்து சுத்துகிற ஒரு இரும்புத் தட்டு, அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பாட். அவற்றை அணைத்துப் பிடிக்கிற கவ்விக்குக் கலிப்பர் எண்டு பெயர். நாங்கள் பெடலை மிதிக்க, பிறேக் ஒயிலின் அழுத்தம் கலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பாட்டை டிஸ்க்கோடு அமத்தும். உராய்வில் வேகம் சூடாக மாறும், கார் நிற்கும்.

சத்தத்தை விளங்கிக்கொள்ள வயலினை நினைத்துப் பாருங்கள். வில்லின் மயிருக்குக் குங்கிலியம் பூசாவிட்டால் கம்பி பாடாது. பூசினால் வில் கம்பியைப் பிடித்து இழுக்கும், கம்பி விடுபட்டுத் துள்ளும், திரும்பப் பிடிபடும், திரும்பத் துள்ளும். இது ஒரு செக்கனுக்குள் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது, அதுதான் சுரம். கரும்பலகையில் வெண்கட்டி கிறீச்சிடுவதும் இதே கதைதான். பிறேக்கில் பாட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பிடித்தும் விட்டும் துடிக்க, அந்தத் துடிப்பு டிஸ்க்கின், கலிப்பரின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால், முழு அமைப்பும் மணி மாதிரி ஒலிக்கத் தொடங்கும். செக்கனுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை, பல நேரங்களில் பல ஆயிரம் தடவை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரைதான். அதனால் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன அதிர்வு சந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தமாகக் கேட்கிறது.

இதிலிருந்து ஒரு விசயம் விளங்கும். பிறேக் பிடித்தால் கொஞ்சமாவது அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு பாட்டாக மாறாமல் இருக்க மூன்று வேணும்: உராய்கிற முகங்கள் ஒரே சீராக இருக்க வேணும், பாட்டும் கலிப்பரும் ஆட்டம் இல்லாமல் இருக்க வேணும், மிச்ச அதிர்வை உறிஞ்ச இடையில் ஏதாவது இருக்க வேணும்.

பழைய பிறேக் ஏன் கத்தவில்லை, புதுசு ஏன் கத்துது எண்டதுக்கும் இதிலேயே விடை இருக்கு. பழைய பாட்டும் டிஸ்க்கும் பல ஆயிரம் கிலோமீற்றர் சேர்ந்து ஓடின சோடி. பாட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டி, இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். புதுப் பாட்டின் முகம் தட்டை. பழைய டிஸ்க்கின் முகத்தில் வரிவரியாகத் தேய்மானம், ஓரத்தில் வரம்பு மாதிரி ஒரு விளிம்பு. பழைய பாட் விட்டுப்போன படலம் புதுப் பாட்டின் கலவைக்கு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். முதல் நாட்களில் இரண்டும் அங்கங்கே மட்டும்தான் தொடும். அங்கங்கே தொட்டால் பிடியும் விடுதலும் கூடும். சத்தம் வரும்.

விடுபட்டுப் போகிற அரை மணித்தியாலம்

அவசர வேலை எப்படி நடக்கும் எண்டு பாருங்கள். ஜக் அடித்துச் சில்லைக் கழட்டி, கலிப்பரைத் தூக்கி, பழைய பாட்டை உருவி, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பாட்டைச் செருகிப் பூட்டினால் வேலை முடிந்தது. பழகின கைக்கு ஒரு சில்லு பதினைந்து நிமிசம். கார் நிற்கும். கூடவே கத்தவும் கூடும். ஏனெண்டால் இடையில் செய்ய வேண்டிய ஐந்தாறு வேலை விடுபட்டிருக்கிறது.

முதலாவது துப்பரவு. பாட்டின் இரண்டு காதுகளும் போய் இருக்கிற தவாளிப்பில் கறளும் தூளும் இறுகிப் போயிருக்கும். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு மாதிரி உப்புக் காத்து அடிக்கிற இடங்களில் சொல்லவே தேவையில்லை. கம்பி பிறஷ் போட்டு அதை எடுக்காவிட்டால் புதுப் பாட் இறுகிக்கொண்டு சாய்வாக நிற்கும். சாய்வாக நிற்கிற பாட் சத்தமும் போடும், ஒரு பக்கமாகவும் தேயும்.

இரண்டாவது தகடும் கிளிப்பும். பாட்டின் முதுகில் ஒரு மெல்லிய தகடு வரும். சில தகடுகளில் றப்பர் படையும் இருக்கும். அது அலங்காரம் இல்லை, பாட்டின் அதிர்வு பிஸ்டனுக்கும் கலிப்பருக்கும் போகாமல் உறிஞ்சுகிறதுதான் அதன் வேலை. பாட்டை ஆட விடாமல் பிடிக்கிற கிளிப்புகளும் அப்படித்தான். மலிவுப் பக்கெற்றுகளில் இவை இல்லாமல் வரலாம். அப்படி வந்தால் பழையதைத் துப்பரவாக்கித் திரும்பப் போடலாம், வளைந்தோ அரித்தோ போயிருந்தால் தனியாக வாங்கலாம். "இது இல்லாட்டியும் பிறேக் பிடிக்கும்" எண்டு வாளிக்குள் எறிவதுதான் பிழை. பிறேக் பிடிக்கும்தான், கத்திக்கொண்டு பிடிக்கும்.

மூன்றாவது கிறீஸ். இதில் எங்க பூசுறது என்பதைவிட எங்க பூசக்கூடாது என்பது முக்கியம். பாட்டின் முதுகில் பிஸ்டன் தொடுகிற இடம், காதுகள் வழுக்குகிற இடம், கலிப்பர் முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைட் பின்கள், இந்த மூன்று இடத்துக்கும் மெல்லிய பூச்சு வேணும். சூடு தாங்குகிற, பிறேக்குக்கெண்டே வருகிற சிலிக்கன் அல்லது செராமிக் கிறீஸாக இருக்க வேணும். பெயாரிங்குக்கு அடிக்கிற சாதாரண கிறீஸ் சூட்டில் உருகி ஒழுகும், றப்பர் உறைகளையும் ஊத வைக்கும். பாட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு விரல் அடையாளம் அளவுக்குக்கூடக் கிறீஸ் படக்கூடாது.

நாலாவது டிஸ்க். அதன் ஓரத்திலோ நடுவிலோ ஆகக் குறைந்த தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் எண்டு பொறித்திருக்கும். அளந்து பார்க்க வேணும். தடிப்பு மிச்சம் இருந்து, வரியும் விளிம்பும் கூடவாக இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீராக்கலாம். தடிப்புக் குறைந்திருந்தால் மாத்தத்தான் வேணும், அதில் பேரம் இல்லை. புது டிஸ்க் போட்டால் அதில் கறள் பிடிக்காமல் பூசி வருகிற எண்ணெயைப் பிறேக் கிளீனரால் கழுவ வேணும். மண்ணெண்ணெயால் கழுவினால் எண்ணெய்ப் பசை திரும்பவும் மிஞ்சும்.

ஐந்தாவது, கண்ணால் பார்க்கிற சின்னச் சின்ன விசயங்கள். பல பாட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். புதுசாக ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இருக்கிற பாட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும், மாத்துற நேரம் வந்திட்டுது எண்டு அறிவிக்கும். பாட்டைப் பக்கம் மாறிப் பூட்டினால், அல்லது நாக்கு வளைந்திருந்தால், புதுப் பாட்டிலேயே அது கத்தத் தொடங்கும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகரக் கவசம் வேலை செய்யேக்க நெளிந்து டிஸ்க்கில் தொடுவதும் உண்டு. அதைக் கையால் நிமித்தி விட்டால் சரி.

பூட்டி முடிந்ததும் காரை அசைக்க முதல் பெடலை நாலைந்து தடவை அமத்த வேணும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். மறந்து றிவேர்ஸ் எடுத்தால் கராஜ் மதிலோடுதான் போய் நிற்க வேண்டி வரும்.

கடைசி வேலை ஓட்டம். புதுப் பாட்டையும் டிஸ்க்கையும் பழக்க வேணும். பக்கெற்றில் எழுதியிருக்கிற முறைதான் முதல். ஒன்றும் இல்லாவிட்டால் பொதுவான வழி இது: வாகனம் குறைந்த நேரான றோட்டில், பின்னால் ஒருவரும் இல்லை எண்டு பார்த்து, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு நிதானமாகக் குறைக்க வேணும். முழுதாக நிப்பாட்டக்கூடாது. திரும்ப வேகம் எடுத்து, திரும்பக் குறைக்க வேணும். எட்டுப் பத்துத் தடவை இப்படிச் செய்துவிட்டு, பிறேக்கை அதிகம் தொடாமல் ஒரு பத்து நிமிசம் ஓடி ஆற விட வேணும். சூடான டிஸ்க்கைப் பாட் இறுக்கிப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படலம் ஒட்டும், பிறகு பிறேக் பிடிக்கேக்க பெடல் துடிக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீற்றருக்குத் தேவையில்லாமல் சடன் பிறேக் அடிக்காமல் இருப்பது நல்லது. "ஓட ஓடச் சரி வரும்" எண்டு கூட்டாளி சொன்னதில் இருக்கிற உண்மை இவ்வளவுதான். எப்படி ஓடுறது எண்டதை அவன் சொல்லவில்லை.

பின் சில்லுகளில் ட்ரம் இருந்தால் அங்கேயும் இதே மாதிரி வேலை இருக்கு. தேய்ந்த லைனரின் தூள் ட்ரம்முக்குள் அடைந்து கிடக்கும். சூ வந்து உரசுகிற பின் தகட்டில் கிறீஸ் காய்ந்து போயிருக்கும். இரண்டும் சத்தத்துக்குக் காரணம். கதவைத் திறந்து லைனரை மாத்தி மூடினால் மட்டும் போதாது.

நல்ல பாட், அமைதியான பாட்

சாமானுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உலோகத் துகள் கூடின பாட்கள் சூட்டை நல்லாத் தாங்கும், ஆனால் சத்தம் போடக்கூடியவை. உலோகம் குறைந்த, நார்ப்பொருள் கூடின பாட்கள் மென்மை, அமைதி, ஆனால் கடும் சூட்டில் பிடி குறையக்கூடும். செராமிக் வகை அமைதி, விலை கூட. இதில் ஒன்று நல்லது, மற்றது கூடாது எண்டு சொல்ல ஏலாது. எங்க ஓடுற கார் எண்டதைப் பொறுத்தது.

எங்களோடு படிக்கிற மலையகத்து நண்பர்களின் வீட்டுக்குப் போய் வருகிற பாதையை எடுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கண்டி ஏறக்குறைய 500. இடையில் றம்பொடை, கம்பளை வழியாக வளைந்து வளைந்து இறங்க வேணும். 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற சக்தி, 40 லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காத்தும் எஞ்சினும் வாங்கும். கியரைக் குறைக்காமல் பிறேக்கை அமத்திக்கொண்டே வந்தால் பெரும்பங்கு பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் போகும். பழகாத புதுப் பாட்டோடு முதல் நாளே அப்படி இறங்கினால் பாட்டின் முகம் வெந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். பிறகு கத்தும், பிடியும் குறையும். ஆகவே மலைநாட்டுப் பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பிறேக் மாத்துறது நல்ல யோசனை இல்லை. ஒரு கிழமைக்கு முன்னமே மாத்திப் பழக்கிப் போட்டுப் போங்கோ. இறங்கேக்க குறைந்த கியரில் இறங்குங்கோ.

யாழ்ப்பாணத்தின் தட்டை றோட்டில் ஓடுகிற காருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்க வேற கதை. மழை இரவு முழுக்க முத்தத்தில் நின்ற கார் காலமை முதல் நாலைந்து பிறேக்குக்குக் கத்தும். டிஸ்க்கில் இரவோடு இரவாகப் படிந்த மெல்லிய கறளைப் பாட் வழிக்கிற சத்தம் அது. சந்தி தாண்ட முதல் நின்றுவிடும். அதுக்குக் கராஜ் தேவையில்லை.

வாயை அடைக்கிற வைத்தியம்

சத்தத்தை நிறுத்துவது சுகம். கோளாறைத் திருத்துவதுதான் கஷ்டம். ஆனபடியால் குறுக்கு வழிகள் ஊருக்கு ஊர் இருக்கு. ஆகப் பயங்கரமானது எண்ணெய். "கொஞ்சம் ஸ்பிறே அடி, நிண்டிடும்" எண்டு சொல்லுவினம். நிற்கும்தான். வழுக்கினால் சத்தம் வராது, பிடியும் வராது. பாட் எண்ணெயை உறிஞ்சினால் பிறகு கழுவியும் சரிவராது, சோடியோடு எறியத்தான் வேணும். மோட்டார் சைக்கிளில் செயினுக்கு அடிக்கிற எண்ணெய் பின் டிஸ்க்கில் தெறிப்பதும், கழுவின பிறகு ரயருக்குப் பளபளப்புப் பூசும்போது டிஸ்க்கில் படுவதும் இதே விளைவைத்தான் தரும். ஸ்கூட்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ.

இரண்டாவது சாண்ட் பேப்பர். பாட்டின் மினுக்கத்தை லேசாக உரஞ்சி எடுப்பதில் பிழையில்லை. ஆனால் கலிப்பர் இறுகியிருந்தால் இரண்டு கிழமையில் அதே மினுக்கம் வரும், திரும்ப உரஞ்சுவோம், திரும்ப வரும். அரத்தால் பாட்டின் ஓரங்களைச் சரித்து விடுறதும் சில நேரம் பயன் தரும், பல பாட்கள் அப்படிச் சரித்த ஓரத்தோடேயே வருகின்றன. ஆனால் துப்பரவு, கிறீஸ், தகடு, டிஸ்க் எண்டு எல்லாத்தையும் பார்த்த பிறகு செய்கிற வேலை அது. அவற்றுக்குப் பதிலாகச் செய்கிற வேலை இல்லை.

அமைதிக்கு ஆர் விலை கொடுத்தது?

இந்தக் கத்தல் புதுப் பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்தின் பேர்மிங்காமில் கார் செய்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பிறேக்கில் உலோகத் தட்டை உலோகமே கவ்வியது. காது கிழிகிற சத்தம். சில வருசங்களுக்குள் ஹெர்பேர்ட் ஃபுரூட் அஸ்பெஸ்ரஸ் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்தார். சூட்டைத் தாங்கியது, சத்தமும் குறைந்தது, மலிவாகவும் இருந்தது. உலகம் முழுக்கப் பல தசாப்தங்களாகப் பிறேக் அதில்தான் ஓடியது. கார்க்காரருக்கு அமைதி கிடைத்தது. அந்தத் தூளைச் சுவாசித்தவர்கள் தொழிற்சாலைகளிலும் கராஜ்களிலும் வேலை செய்தவர்கள். அஸ்பெஸ்ரஸ் தும்பு நுரையீரலுக்குள் போனால் நோய் வெளியில் தெரியப் பத்து இருபது முப்பது வருசம்கூட ஆகலாம். பிரித்தானியா வெள்ளை அஸ்பெஸ்ரசையும் தடைசெய்தது 1999இல்தான்.

எங்களுக்கு அஸ்பெஸ்ரஸ் எண்டால் கூரைச் சீற்தான் ஞாபகம் வரும். அதையும் இலங்கை படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா எங்கட தேயிலையை நிறுத்த, அஸ்பெஸ்ரஸ் தடையும் தள்ளிப் போடப்பட்டது. அஸ்பெஸ்ரசை ஏற்றுமதி செய்கிற நாடுகளில் ரஷ்யா பெரியது. எங்கட நுரையீரல் எந்தத் தராசில் நிறுக்கப்படுகிறது எண்டதுக்கு இது ஒரு உதாரணம்.

இன்றைக்குப் பெரும்பாலான பாட் பக்கெற்றுகளில் அஸ்பெஸ்ரஸ் இல்லை எண்டு எழுதியிருக்கும். எழுதாத பக்கெற்றைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. பழைய வாகனத்திலிருந்து கழட்டுகிற பழைய லைனரில் என்ன இருக்கு எண்டும் தெரியாது. ஆனால் கராஜுக்குப் போய்ப் பாருங்கள். சில்லைக் கழட்டினதும் முதல் வேலை கொம்பிறசர் குழாயைப் பிடித்து 'புஸ்' எண்டு ஊதுறது. கறுப்புத் தூள் புகைமாதிரி எழும்பும். அதுக்குள் குந்தியிருப்பது பெரும்பாலும் எங்கட வயதுப் பொடியன், சில நேரம் எங்களை விடச் சின்னவன். வாயில் துணிகூட இல்லை. அஸ்பெஸ்ரஸ் இல்லாத தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஊதாமல் பிறேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து எடுக்கலாம். பத்து நிமிசம் கூட எடுக்கும். அந்தப் பத்து நிமிசமும் அதே அரை மணித்தியாலக் கணக்குக்குள்தான் வருகிறது.

கூலியில் ஏன் பேரம்?

எங்கட வழக்கம் இதுதான். பாட்டின் விலை கடைக்காரர் சொன்ன விலை, அதில் அஞ்சு சதம் குறைக்க ஏலாது எண்டு எங்களுக்குத் தெரியும். குறைக்கக் கூடியது மெக்கானிக்கின் கூலி. "என்ன அண்ணை, பாட் மாத்தினதுக்கே இவ்வளவோ?" எண்டு கேட்பம். அவர் குறைப்பார். அடுத்த முறை அந்தக் குறைந்த கூலிக்கு ஏற்ற வேலையைச் செய்வார். கம்பி பிறஷ் எடுக்கமாட்டார். கிறீஸ் ரின்னைத் திறக்கமாட்டார். ஓடிப் பார்க்கமாட்டார். கத்துது எண்டு திரும்பிப் போனால் ஆளுக்கு ஆள் குற்றம் சொல்லுவம். புத்தகம் வாசித்துக் கட்டுரை எழுதுற வேலையை வேலை எண்டு மதிக்கச் சொல்லி வாதாடுற நாங்கள், குந்தியிருந்து கறள் சுரண்டுற வேலையை வேலையாக மதிக்காமல் விடுறது சரியோ?

"சனத்திட்டக் காசில்லை, நீங்கள் கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுறியள்" எண்டு ஒரு நியாயமான மறுப்பு வரும். 2022க்குப் பிறகு ஒவ்வொரு வீடும் எப்படிக் கணக்குப் பார்க்குது எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனால் இதில் பெரிய காசு இல்லை. ஒரு சின்னப் பொட்டளிக் கிறீஸ், ஒரு போத்தல் பிறேக் கிளீனர், அரை மணித்தியாலக் கூலி. பழக்குற ஓட்டம் எங்கட கையில், பெற்றோல் மட்டும்தான் செலவு. இதை மிச்சம் பிடித்தால் பாட் ஒரு பக்கமாகத் தேய்ந்து நேரத்துக்கு முன்னமே போகும். இரண்டாவது சோடி பாட் அந்த அரை மணித்தியாலத்தை விட விலை கூட.

மெக்கானிக்குகளிலும் பிழை இல்லாமல் இல்லை. முழுக் கூலி கொடுத்தாலும் அவசர வேலை செய்கிறவர்கள் இருக்கினம். பெண் பிள்ளை ஸ்கூட்டி கொண்டு போனால் என்ன செய்தது எண்டு ஒரு வசனம் விளக்காமல், "இனிச் சரி தங்கச்சி, கொண்டு போங்கோ" எண்டு அனுப்புகிறவர்களும் இருக்கினம். அதுக்கு மருந்து கேள்வி கேட்கிறதுதான். கேள்வி கேட்க இன்ஜினியரிங் படித்திருக்கத் தேவையில்லை.

நாலு கேள்வி போதும். பழைய பாட்டைக் காட்டுவீங்களோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கோ? ஸ்லைட் பின் இலகுவாக ஓடுதோ, கிறீஸ் போட்டனீங்களோ? தகடும் கிளிப்பும் திரும்பப் போட்டதோ? டிஸ்க்கின் தடிப்பு அளந்ததோ? மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக்குக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும். தன்ர வேலையைப் பற்றி ஒருவன் கேட்கிறது எவருக்கும் பிடிக்கும்.

எப்ப பொறுக்கக் கூடாது?

சத்தத்தில் வகை இருக்கு. மெதுவாக நிற்கும்போது மட்டும் மெல்லிய கீச்சுச் சத்தம் வந்து, பெடல் உறுதியாக இருந்து, கார் நேராக நின்றால், பழக்கி ஓடிப் பார்க்கலாம். சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகும் நிற்காவிட்டால் திரும்பக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் கறகறவெண்டு இரும்பு அரைபடுகிற சத்தம், ஒரு பக்கம் இழுக்கிற ஸ்ரேறிங், பஞ்சு மாதிரி அமுங்குகிற அல்லது மெல்ல மெல்லக் கீழே போகிற பெடல், ஒரு சில்லில் மட்டும் எரிந்த மணமும் கூடின சூடும், டாஷ்போர்டில் அணையாத பிறேக் லைற்: இதில் ஒன்று இருந்தாலும் "ஓட ஓடச் சரி வரும்" எண்டு ஒருவர் சொல்லுறதையும் கேட்காதேங்கோ. அந்தக் காரை ஓடாதேங்கோ. கராஜுக்கு ஓடிக்கொண்டு போகவும் வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ.

அடுத்த முறை வீட்டில் பிறேக் மாத்துற கதை வந்தால், பில்லில் கூலி எண்டு எழுதியிருக்கிற வரியில் விரல் வைத்து "குறையுங்கோ" எண்டு சொல்ல முதல், அந்தக் கூலிக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கு எண்டு கேளுங்கோ. அடங்காத வேலை இருந்தால் அதையும் செய்யச் சொல்லி, அதுக்குரிய காசைக் கொடுங்கோ. அந்தப் பொடியன் தூளை ஊதாமல் நனைத்துத் துடைக்கிறதுக்கு எடுக்கிற பத்து நிமிசத்துக்கும் சேர்த்துத்தான்.